கண்குளிர்ச்சியின் முதல் நாற்பது நாட்கள்

குழந்தையைப் பற்றிப் பேசுகையில் திருக்குர்ஆன் கையாளும் சொற்களுள் ‘குர்ரத்து ஐன்’ என்பது சிந்தனைக்குரியது. கண்குளிர்ச்சி என்பது அதன் பொருள். மகிழ்ச்சியில் பெருகும் கண்ணீர் குளிர்ந்தது, துயரத்தில் வழியும் கண்ணீர் சுடுவது என்பது அரபுகளின் வழக்கு. அவ்வழக்கிலிருந்தே இச்சொல் பிறந்தது என மொழியறிஞர் பலர் விளக்குவர். ஆற்றில் விடப்பட்ட குழந்தை மீண்டும் மடி சேர்ந்தபோது மூஸா (அலை) அவர்களின் அன்னை அடைந்தது இக்குளிர்ச்சியே (28:13). பேரீச்ச மரத்தடியில் துணையின்றிப் பிள்ளை பெற்ற மர்யம் (அலை) அவர்களுக்கு உண்ணுமாறும் பருகுமாறும் சொல்லப்பட்டது. அவற்றோடு சேர்த்து மூன்றாவதாகக் கண்குளிர்ந்திருக்குமாறும் சொல்லப்பட்டது (19:26). அரபு மூலத்தில் இம்மூன்றும் ஏவல் வினைகளாகவே அமைந்துள்ளன. பெற்றவள் உண்பது எவ்வளவு இன்றியமையாததோ, அவள் மனம் மகிழ்ந்திருப்பதும் அவ்வளவு இன்றியமையாதது என்பது இதனால் விளங்கும்.

பிள்ளைப்பேற்றின் மகிழ்ச்சியை ஷரீஅத் வெறும் உணர்ச்சியாக விட்டுவிடவில்லை. அதற்கெனச் சில செயல்களை வகுத்து, அவற்றைச் செய்ய வேண்டியவர் இன்னார் என்பதையும் குறித்துள்ளது. அச்செயல்கள் எல்லாம் சிறியவை, எளியவை. அவை முதலில் யாரிடம் ஒப்படைக்கப்பட்டன, இன்று யார் தலையில் ஏறியுள்ளன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நற்செய்தி

யஹ்யா (அலை) அவர்களின் பிறப்பை ஸகரிய்யா (அலை) அவர்களுக்கும், இஸ்ஹாக் (அலை) அவர்களின் பிறப்பை இப்ராஹீம் (அலை) அவர்களின் துணைவியாருக்கும் அறிவித்ததைக் குறிக்க, ‘நற்செய்தி கூறுதல்’ எனப் பொருள்படும் ‘பஷ்ஷர’ என்னும் வினையையே திருக்குர்ஆன் ஆள்கிறது. பெண்மகவு பிறந்ததாகக் கேட்டு முகம் கறுத்த அறியாமைக்கால அரபியைச் சித்திரிக்கும் வசனத்திலும் (16:58) அதே வினைதான் இடம்பெறுகிறது. கேட்டவனின் முகம் இருண்டது. ஆனால் அவனுக்கு வந்தது நற்செய்தி என்றே இறைவன் பெயரிடுகிறான். பெண் பிறந்த வீட்டில் வாழ்த்துச் சொல்ல வருவோரின் குரல் சற்றே தாழ்வதை இன்றும் காண்கிறோம். இந்த ஒரு சொல்லே அவர்களுக்குப் போதிய பாடமாகும்.

ஹிஜ்ரீ 8ஆம் ஆண்டு மதீனாவில் நபி (ஸல்) அவர்களுக்கு இப்ராஹீம் என்னும் ஆண்மகவு பிறந்தது. அன்னை மாரியா (ரலி) அவர்களுக்குப் பேறு பார்த்தவர் ஸல்மா (ரலி). அவருடைய கணவர் அபூராஃபிஉ (ரலி) ஓடிவந்து செய்தியைச் சொன்னார். அவருக்கு நபியவர்கள் அன்பளிப்பு வழங்கியதை வரலாற்றாசிரியர் இப்னு சஅத் பதிவு செய்துள்ளார். நற்செய்தி கொண்டுவந்தவரை வெறுங்கையுடன் அனுப்பாத மரபு அது.

முதல் மணிநேரம்

குழந்தையின் காதில் பாங்கு சொல்வது நம்மிடையே பரவலான வழக்கம். இதற்குச் சான்றாகும் நபிமொழியை அறிவிப்பவரும் முற்கூறிய அபூராஃபிஉ (ரலி) அவர்களே. அதன் அறிவிப்பாளர் தொடரில் இடம்பெறும் ஆஸிம் பின் உபைதில்லாஹ் பலவீனமானவர் என்பது ஹதீஸ் கலையினர் பலரின் கருத்து. எனினும் இமாம் திர்மிதீ அதனை ஏற்கத்தக்கதெனக் கொண்டார். ஃபிக்ஹு அறிஞர்கள் பலரும் இச்செயலை விரும்பத்தக்கது என்றனர்.

பாலூட்டும் விஷயத்தில் ஃபிக்ஹு நூல்கள் காட்டும் கூர்மை வியப்புக்குரியது. பேறு முடிந்தவுடன் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலை அரபியர் ‘லிபஉ’ என்பர். ஹிஜ்ரீ 676இல் (கி.பி. 1277) மறைந்த இமாம் நவவீ (ரஹ்), தமது ‘மின்ஹாஜ்’ நூலில், தாய் தன் குழந்தைக்கு லிபஉ ஊட்டுவது கடமை எனச் சட்டம் வகுத்துள்ளார். அஃதின்றிக் குழந்தை பெரும்பாலும் உயிர் தரிக்காது என்பது உரையாசிரியர்கள் காட்டும் காரணம். இதற்கு மாறாக, சீம்பால் கெட்டியானது, குழந்தைக்கு ஒவ்வாதது என்பது அக்கால மருத்துவர் சிலரின் எண்ணம். ஹிஜ்ரீ 751இல் (கி.பி. 1350) மறைந்த இப்னுல் கய்யிம் (ரஹ்), பச்சிளம் குழந்தைகளுக்கென்றே ‘துஹ்ஃபத்துல் மவ்தூத்’ என்னும் அரிய நூலை 17 அத்தியாயங்களில் யாத்தவர். அவர்கூட அம்மருத்துவக் கருத்தைத் தழுவி, முதல் இரண்டு மூன்று நாட்கள் வேறொருத்தி பாலூட்டுவது நலம் என எழுதினார். அது அவர் காலத்து மருத்துவமேயன்றி மார்க்கச் சட்டம் அன்று. இன்றைய அறிவியல் நவவீயின் பக்கமே நிற்கிறது. பிறந்த ஒரு மணிநேரத்திற்குள் தாய்ப்பால் தொடங்க வேண்டும், முதல் ஆறு மாதங்கள் அதைத் தவிர வேறெதுவும் வேண்டா, அதன்பின் பிற உணவுகளோடு இரண்டு ஆண்டுகளும் அதற்கு மேலும் பாலூட்டலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. முழுமையான பாலூட்டலுக்குத் திருக்குர்ஆன் குறிக்கும் காலமும் இரண்டு ஆண்டுகளே (2:233). சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டும் பழக்கத்திற்கு நம் சட்ட மரபில் இடமில்லை.

‘தஹ்னீக்’ என்பது மென்ற பேரீச்சம்பழத்தைக் குழந்தையின் மேலண்ணத்தில் தடவுதல். ஹிஜ்ரத்துக்குப் பின் முஹாஜிர்களுக்கு மதீனாவில் பிறந்த முதல் குழந்தை அப்துல்லாஹ் பின் ஸுபைர் (ரலி). முஸ்லிம்களுக்கு இனிக் குழந்தை பிறக்காது என்ற வதந்தி உலவிய வேளையில், நிறைசூலியாக மக்காவிலிருந்து வந்த அஸ்மா (ரலி) குபாவில் அவரைப் பெற்றெடுத்தார். நபியவர்கள் குழந்தையை மடியில் கிடத்தித் தஹ்னீக் செய்தபோது ஊரே மகிழ்ந்தது. அபூதல்ஹா, உம்மு ஸுலைம் தம்பதியர் ஒரு மகனை இழந்த துயரத்திற்குப் பின் பெற்ற குழந்தையையும் நபியவர்கள் இவ்வாறே வரவேற்றார்கள். தண்ணீர் தேடும் நாக்குபோல் அப்பச்சிளம் நாவு பேரீச்சையின் இனிமையைத் துழாவியதைக் கண்டு, அன்ஸாரிகளுக்குப் பேரீச்சையின் மீதுள்ள ஆசையைச் சுட்டி நகைச்சுவையாகப் பேசினார்கள். பின்னர் அப்துல்லாஹ் எனப் பெயரும் இட்டார்கள்.

இங்கு இரண்டு செய்திகளை நினைவிற்கொள்ள வேண்டும். லிபஉ ஊட்டுவது கடமை, தஹ்னீக் சுன்னத். ஆகவே பெரியவர் ஒருவர் வந்து சேரும்வரை பாலை நிறுத்திவைத்துக் குழந்தையை அழவிடுவது சட்டத்தின் படிநிலைக்கே முரணானது. அடுத்து, பேரீச்சை இல்லாதபோது தேன் தடவும் பழக்கம். ஓராண்டு நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுத்தால் கடுமையான நச்சுநோய் உண்டாகலாம் என்பது இன்று மருத்துவம் உறுதியாக அறிந்த உண்மை. தஹ்னீக்கிற்குரியது பேரீச்சையே, அதுவும் ஒரு துளி, நோயற்றவரின் தூய கையால். குறைமாதக் குழந்தையாயின் மருத்துவரின் சொல்லே முதன்மையானது.

ஏழாம் நாள்

பிறந்த நாளன்றே பெயரிடலாம். ஏழாம் நாளும் இடலாம். தமக்குப் பிறந்த இப்ராஹீமுக்கு அந்த இரவிலேயே பெயரிட்டதாக நபியவர்கள் அறிவித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. ஏழாம் நாளில் அகீகா கொடுத்தல், முடி இறக்குதல், பெயரிடுதல் ஆகிய மூன்றையும் ஸமுரா (ரலி) அவர்களின் அறிவிப்பு ஒருங்கே குறிப்பிடுகிறது.

அகீகா ஷாஃபிஈ மத்ஹபில் வலியுறுத்தப்பட்ட சுன்னத். ஹனஃபீ மத்ஹபின் பிற்கால அறிஞர்கள் பலரிடம் முஸ்தஹப். ஆண் குழந்தைக்கு இரண்டு ஆடுகள், பெண் குழந்தைக்கு ஓர் ஆடு என்பது பெரும்பான்மையோர் கருத்து. இரு பாலாருக்கும் ஒவ்வோர் ஆடே என்பது இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் நிலைப்பாடு. ஏழாம் நாள் தவறினால் 14ஆம் நாள், 21ஆம் நாள் எனத் தவணையும் உண்டு. குழந்தையின் குணம் இனிதாகட்டும் என்ற நல்லெண்ணத்தோடு இறைச்சியில் சிறிது இனிப்புச் சேர்த்துச் சமைப்பது நன்று என ஷாஃபிஈ அறிஞர்கள் எழுதியுள்ளனர். பேறு பார்த்த மருத்துவச்சிக்கு ஆட்டின் ஒரு காலை அனுப்புமாறும் நூல்கள் கூறுகின்றன. தம் பேரர்களின் அகீகாவில் நபியவர்கள் அவ்வாறு பணித்ததாக வரும் ஓர் அறிவிப்பே இதற்கு அடிப்படை. ஒரு பெண்ணின் உழைப்பை விருந்தின் நடுவே மறவாத பண்பாடு இது.

இறக்கிய முடியின் எடைக்கு ஈடான வெள்ளியை ஏழைகளுக்கு ஈவது மற்றொரு நற்செயல். ஹஸன், ஹுஸைன், ஸைனப், உம்மு குல்ஸூம் ஆகிய நால்வரின் முடியையும் நிறுத்து, ஃபாத்திமா (ரலி) வெள்ளியைத் தர்மம் செய்ததாக இமாம் மாலிக்கின் ‘முவத்தா’ கூறுகிறது. மகன்மார் இருவர், மகள்மார் இருவர். நால்வருக்கும் தராசு ஒன்றே. அவ்வெடை ஒரு திர்ஹம் அல்லது அதனினும் சற்றுக் குறைவு என்று திர்மிதீயில் ஓர் அறிவிப்பு உண்டு. அதன் தொடர் அறுபட்டது என்பதையும் அவரே குறித்துள்ளார். ஒரு திர்ஹம் ஏறத்தாழ 3 கிராம். நபியவர்களின் பேரக்குழந்தைகளுக்காக அளக்கப்பட்ட வெள்ளி இவ்வளவே! கடன்பட்டு மண்டபம் பிடிப்போர் இக்கணக்கை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

தாயின் நாட்கள்

பிள்ளைத்தொடக்கான நிஃபாஸின் உச்சவரம்பு ஹனஃபீ மத்ஹபில் 40 நாட்கள். ஷாஃபிஈ மத்ஹபில் 60 நாட்கள், வழக்கமானது 40. குறைந்த அளவென ஒன்றில்லை. இரத்தம் முன்னரே நின்றுவிட்டால் குளித்துத் தொழத் தொடங்க வேண்டும். நாற்பதை எண்ணிக் காத்திருத்தல் கூடாது. விடுபட்ட தொழுகைகளைத் திரும்பத் தொழ வேண்டியதில்லை. விடுபட்ட ரமளான் நோன்புகளை மட்டும் பின்னர் நோற்க வேண்டும். பேறுற்றவளின் கை பட்ட பாத்திரமோ அவள் அமர்ந்த பாயோ அசுத்தமாவதில்லை. அவளை ஒதுக்கிவைப்பதற்கு மார்க்கத்தில் ஆதாரமில்லை.

இந்நாட்களில் இல்லத்தார் அடிக்கடி வினவும் ஒன்று, ஆடையில் படும் குழந்தையின் சிறுநீர் பற்றியது. நபியவர்களின் ஆடையில் குழந்தை சிறுநீர் கழித்தபோது அவர்கள் முகம் சுளிக்கவில்லை. தண்ணீர் கொணரச் செய்து தெளித்தார்கள். பால் தவிர வேறுணவு உண்ணாத ஆண் குழந்தைக்கு இவ்வாறு தெளித்தாலே போதும், பெண் குழந்தைக்குக் கழுவ வேண்டும் என்பது ஷாஃபிஈ சட்டம். இருவருக்கும் கழுவ வேண்டும் என்பது ஹனஃபீ சட்டம்.

பேற்றுக்குப் பின் எல்லாத் தாய்மாரும் உடனே மகிழ்ந்துவிடுவதில்லை. பேறுகால வேதனையில் தாம் முன்னரே இறந்திருக்கக் கூடாதா என மர்யம் (அலை) ஏங்கியதைத் திருக்குர்ஆன் மறைக்கவில்லை (19:23). அதற்காக அவரைக் கடிந்துகொள்ளவும் இல்லை. கவலைப்படாதே என்ற ஆறுதலும், காலடியில் நீரும், கனிந்த பேரீச்சையுமே அவருக்கு மறுமொழியாயின. உலகளவில் அண்மையில் பிள்ளை பெற்ற பெண்களுள் சுமார் 13 விழுக்காட்டினர் மனநலப் பாதிப்புக்கு, பெரும்பாலும் மனச்சோர்வுக்கு ஆளாகின்றனர் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. காரணமின்றி அழுபவளை ஈமான் குறைந்தவள் என ஏசுவது திருமறையின் வழியன்று. அவளுக்கு உணவும் உறக்கமும் கனிவும் தேவை. சோர்வு நீடித்தால் மருத்துவரும் தேவை.

தந்தையின் இடம்

அன்றைய அரபு வழக்கப்படி இப்ராஹீம் செவிலித்தாயிடம் ஒப்படைக்கப்பட்டார். மதீனாவின் மேட்டுப்புறமான அவாலியில் வசித்த உம்மு ஸைஃப் என்பவரே அச்செவிலி. அவர் கணவர் அபூ ஸைஃப் ஒரு கொல்லர். உலைத்துருத்தியின் புகை சூழ்ந்த அவ்வீட்டிற்கு நபியவர்கள் நடந்துசென்று, உள்ளே புகுந்து, குழந்தையை வாங்கி முத்தமிட்டுத் திரும்புவார்கள் என்று அனஸ் (ரலி) அறிவிக்கிறார். அரபுலகின் தூதுக்குழுக்கள் மதீனாவை நோக்கி வரத் தொடங்கிய காலம் அது. அத்தனை பணிகளுக்கிடையே ஒரு முத்தத்திற்காக அவ்வளவு தொலைவு நடந்த தந்தை அவர்கள். இரண்டு வயது நிரம்புமுன் அக்குழந்தை இறந்ததை அறிந்தோர்க்கு, அந்நடையின் அருமை இன்னும் நன்கு விளங்கும்.

அருகிருக்கும் உரிமை தந்தைக்கு இருப்பதுபோல், பொருட்பொறுப்பும் அவரையே சாரும். பாலூட்டும் தாய்க்கு உணவும் உடையும் முறைப்படி வழங்குவது தந்தையின் கடமை என்கிறது திருக்குர்ஆன் (2:233). பால்மறக்கச் செய்வதைக்கூட இருவரும் கலந்தாலோசித்து முடிவு செய்ய வேண்டும் என்று அதே வசனம் பணிக்கிறது. குழந்தையின் பராமரிப்பு யார் மீது கடமையோ அவரே தம் சொந்தப் பொருளிலிருந்து அகீகா கொடுக்க வேண்டும் என்பது ஷாஃபிஈ நூல்களின் தெளிவான சட்டம்.

நம் ஊர்களின் நிலை என்ன? பேறுகாலத்திற்குப் பெண் தாய்வீடு செல்வது நல்ல வழக்கம்தான்; அங்கு அவளுக்குப் பரிவும் ஓய்வும் கிட்டும். ஆனால் மருத்துவச் செலவு, அகீகா ஆடு, நாற்பதாம் நாள் விருந்து, குழந்தைக்கு நகை என அனைத்தையும் பெண்ணைப் பெற்றவர் தலையில் ஏற்றுவது நல்ல வழக்கம் ஆகாது. அவர் மனமுவந்து தருவது அன்பளிப்பு. அவரிடம் எதிர்பார்த்துப் பெறுவது அநீதி. இதனால் தந்தைக்கும் இழப்பு உண்டு. பொறுப்பைக் கைவிட்டவர் தம் குழந்தையின் முதல் வாரங்களில் விருந்தாளியாகி, வந்து பார்த்துவிட்டுப் போகிறவராகிவிடுகிறார். வளைகுடா நாடுகளில் உழைப்போர் பலர் குழந்தையின் முகத்தை மாதங்கள் கழிந்தே நேரில் காண்கின்றனர். அவர்களின் தியாகம் பெரிது. அருகில் இருந்தும் விலகி நிற்போருக்கு அத்தகைய காரணம் ஏதுமில்லை.

அழுகுரல் கேட்ட ஆட்சியாளர்

உமர் (ரலி) தம் ஆட்சியில், பால்மறந்த குழந்தைகளுக்கு மட்டும் அரசு உதவித்தொகை வழங்கி வந்தார்கள். ஓரிரவு, வணிகக் கூட்டத்தினர் தங்கியிருந்த இடத்தைக் காவல் புரிகையில் ஒரு குழந்தை இடைவிடாது அழுவதைக் கேட்டார்கள். தம்முடன் பேசுபவர் கலீஃபா என அறியாத தாய், உதவித்தொகை பெறுவதற்காகக் குழந்தையைக் காலத்திற்கு முன்பே பால்மறக்கச் செய்வதாகக் கூறினாள். அன்றைய ஃபஜ்ருத் தொழுகையில் அழுகையினால் அவர்கள் ஓதியது மக்களுக்குத் தெளிவாகக் கேட்கவில்லை. தொழுகை முடிந்ததும் சட்டம் மாறியது: பிறந்த குழந்தை ஒவ்வொன்றிற்கும் உதவித்தொகை உண்டென அறிவிக்கப்பட்டது. பச்சிளம் குழந்தைக்கு 100 திர்ஹம் எனக் குறிக்கும் அறிவிப்பும் உண்டு.

ஒரு தாயின் பால் குறைந்ததற்கு அரசாணையே காரணமாகலாம் என்பதை அந்த அழுகுரல் கலீஃபாவுக்கு உணர்த்தியது. நம் இல்லங்களில் அவ்விடத்தில் இருப்பவை நாம் கட்டிக்காக்கும் சடங்குகளும், அவற்றிற்காக வாங்கும் கடன்களும், பெண் பிறந்ததற்காகத் தாழும் குரல்களும் ஆகும். இவற்றை நீக்கினால் எஞ்சுவது ஒரு பெயர், ஓர் ஆடு, சில கிராம் வெள்ளி, அன்னையின் பால், தந்தையின் முத்தம். கண்குளிர இவை போதும்.