சட்டத்தைக் கடைசிப் பிரிவிலிருந்து வாசித்தல்

ஒருவர் தனது காணி தொடர்பான கோவையின் பிரதியைக் கேட்டுப் பிரதேச செயலகத்துக்கு எழுதுகிறார். “எதற்கு? காரணம் சொல்லுங்கள்” என்று பதில் வருகிறது. அவருக்கு ஒரு பக்கத்தில் சட்ட ஆலோசனை எழுத வேண்டும். முதலாம் வருட சட்ட மாணவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் பயிற்சி இது.

பல விடைகள் ஜனநாயகத்தின் மேன்மையோடு தொடங்கும். உயர்தரத்தில் கட்டுரை எழுதிப் பழகிய கை அப்படித்தான் போகும், அதைத் திருத்திவிடலாம். 30 நாட்களுக்குள் பதில் வரும் என்று எழுதுவதுதான் ஆபத்து. தமிழில் இணையத்தில் தேடும்போது இந்தியாவின் 2005ஆம் ஆண்டுச் சட்டம் பற்றிய பக்கங்களும் வந்து விழுகின்றன. மொழி ஒன்று, சட்டம் வேறு. எமது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவலுக்கான உரிமைச் சட்டத்தின்படி 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் எடுக்க வேண்டும். மறுத்தால், குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்ய 14 நாட்களே உண்டு. 30 நாட்களை நம்பிக் காத்திருப்பவர் அதில் பாதிக்கு மேல் இழந்துவிடக்கூடும்.

ஆகவே சட்டத்தின் மூல வாசகத்தையே கையில் எடுக்கச் சொல்கிறேன். கேட்பவர் காரணம் கூறத் தேவையில்லை என்பது 24ஆம் பிரிவிலேயே இருக்கிறது. காணிக்காரருக்கான ஆலோசனையின் முதல் வசனம் அதுதான். ஜனநாயகம் அவருக்குப் பிறகு தேவைப்படலாம். “வேண்டும்” என முடியும் ஏற்பாட்டையும் “லாம்” என முடிவதையும் பென்சிலால் வேறுபடுத்துகிறோம். முன்னையது அலுவலரின் கடமை, பின்னையது பெரும்பாலும் அவரது தற்றுணிபு.

பிறகு கடைசிப் பிரிவு. சிங்கள, தமிழ் உரைகளுக்கிடையே முரண்பாடு வந்தால் சிங்கள உரையே மேலோங்கும் என்று அது சொல்கிறது. எந்த உரை மேலோங்கும் என்பதைச் சட்டம் இயற்றும்போதே பாராளுமன்றம் தீர்மானிக்க அரசியலமைப்பின் 23ஆம் உறுப்புரை இடமளிக்கிறது. இந்த இடத்தில் வகுப்பு அமைதியாகிவிடும். அதை நியாயப்படுத்த எனக்கு விருப்பமில்லை. ஆனால் தமிழில் மட்டும் வாசித்து ஆலோசனை சொல்லும் சட்டத்தரணியின் கட்சிக்காரர்தான் அதற்கு விலை கொடுப்பார்.

அதனால் இரண்டாவது பயிற்சியை இருவராகச் செய்ய வைக்கிறேன்: சிங்களம் வாசிக்கத் தெரிந்தவர் ஒருவர், தெரியாதவர் ஒருவர். ஒரே பிரிவை இரண்டு உரைகளிலும் சொல்லுக்குச் சொல் ஒப்பிட வேண்டும். ஒரு பிரிவுக்கு ஒரு மணித்தியாலம் போய்விடுகிறது.