உங்கள் போனுக்குள் குடியிருக்கும் அந்நியர்கள் யார்?

வீட்டு வேலைகள் ஓய்ந்த ஒரு நேரத்தில் உங்கள் கையடக்கத் தொலைபேசியின் 'செட்டிங்ஸ்' பகுதிக்குள் சென்று, 'அப்ஸ்' என்பதைத் தொட்டுப் பாருங்கள். வட்ஸ்அப், யூடியூப், தொழுகை நேரம் காட்டும் செயலி, பிள்ளைகள் போட்டு வைத்த விளையாட்டுக்கள் என்று பழக்கமான பெயர்கள் சில தெரியும். பிறகு, சிஸ்டம் அப்ஸையும் காட்டும்படி கேட்கும் பொத்தானை அழுத்துங்கள். பட்டியல் நீண்டுகொண்டே போகும். நீங்கள் ஒரு போதும் கேள்விப்பட்டிராத பெயர்கள்! யாரையும் கேட்காமல், யாருக்கும் சொல்லாமல் உள்ளே வந்து குடியிருப்பவர்கள்!

"இவற்றை யார் போட்டது?" என்று மனம் கேட்பது இயல்பே. ஆனால் சில வீடுகளில் அந்தக் கேள்வி அத்தோடு நிற்பதில்லை. "இவர் என்னிடம் எதையோ மறைக்கிறார்" என்றோ, "யாரோ என்னை வேவு பார்க்கிறார்கள்" என்றோ அது வளர்ந்து விடுகிறது. ஒரு பெயரைப் பிழையாக விளங்கிக் கொண்டதால் கணவன் மனைவிக்கிடையில் பேச்சு நின்று போவதென்றால் எத்தனை பரிதாபம்!

இதற்கு மிகப் பொருத்தமான உதாரணம் ஒன்று உண்டு. சம்சுங் போன்களில் ஒரு செயலியின் முழுப் பெயர் 'கொம். சம்சுங். அண்ட்ரொயிட். அப். கொக்டெயில்பார்சேர்விஸ்' என்பதாகும். கொக்டெயில் பார்! மதுவின் வாடையே படாத வீட்டில், கணவரின் போனில் இப்படி ஒரு பெயரைக் கண்டால் நெஞ்சு பதறாதா? வேறு நாடுகளிலும் இப்பெயரைக் கண்டு தம் துணைவர் மீது சந்தேகப்பட்டு விளக்கம் தேடியவர்கள் உண்டு. நம் வீடுகளில் அது இன்னும் ஒரு படி கூடவே உறுத்தும்.

உண்மையில் அது என்ன? சம்சுங் போன் திரையின் ஓரத்தில் ஒரு சிறு கோடு தெரியும். அதை விரலால் உள்ளே இழுத்தால், அடிக்கடி பாவிக்கும் செயலிகளின் சின்னங்கள் ஒரு பட்டையாக வந்து நிற்கும். 'எட்ஜ் பெனல்' என்று அதற்குப் பெயர். 2014இல் திரை ஓரம் வளைந்த 'கெலக்ஸி நோட் எட்ஜ்' போனுடன் இது வந்தது. அந்த ஓரப் பகுதிக்குத் தமக்குள் புழங்குவதற்காகப் பொறியியலாளர்கள் 'கொக்டெயில்' என்று பெயர் வைத்துக் கொண்டார்கள். 'பார்' என்பது பட்டை. அவ்வளவுதான். அங்கே மதுவும் இல்லை, மாதுவும் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கூகுள் கணக்கில் 'மை அக்டிவிட்டி' என்றொரு பக்கம் இருக்கிறது. போனில் என்னென்ன பாவிக்கப்பட்டன என்ற பதிவுகள் அதில் வரும். சம்சுங் போன் வைத்திருப்பவர்களுக்கு அதில் 'இன்கோல்யூஐ' என்ற பெயர் நேரத்துடன் வரிசை வரிசையாகத் தெரிவதுண்டு. "இரவு பதினொரு மணிக்கு இது என்ன இரகசியச் செயலி?" என்று கேட்கத் தோன்றும். அது அழைப்பின்போது தோன்றும் திரை மாத்திரமே. பச்சைப் பொத்தான், சிவப்புப் பொத்தான், அழைப்பவரின் பெயர் ஆகியவற்றைக் காட்டும் அந்தத் திரைக்கு இயந்திரம் வைத்த பெயர் அது. மாமியார் அழைத்தாலும் அது பதிவாகும். தவறான இலக்கத்திலிருந்து யாரோ அழைத்தாலும் பதிவாகும். அதை வைத்து வழக்குப் பேச ஒன்றுமே இல்லை.

ஏன் இத்தனை விநோதமான பெயர்கள் என்று கேட்பீர்கள். இவை நமக்காக வைக்கப்பட்ட பெயர்கள் அல்ல. ஒரு செயலியை இன்னொன்றிலிருந்து பிரித்தறிய இயந்திரத்துக்கு வேண்டிய முகவரிகள் இவை. தபால் முகவரியைத் தலைகீழாக எழுதியது போல இருக்கும். ஊர் முதலில், வீதி அடுத்து, வீட்டு இலக்கம் கடைசியில். 'கொம்' என்று தொடங்கி, பிறகு நிறுவனத்தின் பெயர், பிறகு பொருளின் பெயர். ஆகவே இரண்டாவது சொல்லைப் பார்த்தால் பெரும்பாலும் உரிமையாளர் யார் என்று தெரிந்துவிடும். கூகுள், சம்சுங், ஷவோமி, பேஸ்புக் என்று இருக்கும். ஆயினும் பெயரை மட்டும் நம்பிவிடவும் கூடாது. கள்ளனும் பொலிஸ்காரரின் தொப்பியைப் போட்டுக் கொள்ளலாம் அல்லவா? அதற்குப் பின்னர் வருவோம்.

இந்த அந்நியர்களில் பெரும்பாலானவர்கள் வீட்டின் அத்திவாரம் போன்றவர்கள். 'அண்ட்ரொயிட் சிஸ்டம் வெப்வியூ' என்பதை எடுத்துக் கொள்ளுங்கள். ஒரு செயலிக்குள்ளேயே இணையப் பக்கமொன்றைத் திறந்து காட்டுவது இதன் வேலை. இருப்பதே தெரியாது. ஆனால் 2021 மார்ச் மாதம் இதன் புதிய பதிப்பொன்றில் பிழை ஏற்பட்டபோது, உலகெங்கும் ஜிமெயில் உட்படப் பல செயலிகள் திறந்தவுடனேயே மூடிக்கொண்டன. கூகுள் அவசர அவசரமாகத் திருத்தி அனுப்பியது. 'கூகுள் பிளே சேர்விசஸ்' அதைவிட முக்கியமானது. அதை முடக்கினால் வங்கிச் செயலி, வரைபடம், அறிவிப்புக்கள் என்று ஒன்றன் பின் ஒன்றாகத் தடுமாறும். 'டோக்பெக்' என்பது பார்வையற்றவர்களுக்குத் திரையிலுள்ளதை வாசித்துச் சொல்வது. 'சிம் டூல்கிட்' உங்கள் சிம் அட்டையிலேயே உள்ள ஒரு பட்டியல். மோட்டரோலா போன்களில் காணப்படும் 'சி.கியூ.ஏ. டெஸ்ட்' தொழிற்சாலையில் போனைச் சோதித்துப் பார்க்கும் கருவி.

வேறொரு கூட்டமும் உண்டு. அவர்கள் அத்திவாரம் அல்ல, வாடகை கொடுத்துக் குடியிருப்பவர்கள். 'மெட்டா அப் இன்ஸ்டோலர்', 'மெட்டா சேர்விசஸ்' போன்றவை போன் நிறுவனத்துடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி பெட்டியிலேயே வருகின்றன. நீங்கள் பேஸ்புக் பக்கமே போகாதவராக இருந்தாலும் அவை இருக்கும். ஷவோமி, ரெட்மி போன்களிலுள்ள 'எம்.எஸ்.ஏ.' விளம்பரம் காட்டுவதற்கானது. நாம் காசு கொடுத்து வாங்கிய பொருளில் மற்றவர் கடை விரிப்பது எனக்கு ஒருபோதும் நியாயமாகப் படவில்லை. இவற்றில் முடக்கக் கூடியவற்றை 'டிஸேபிள்' பொத்தானால் முடக்கி விடலாம், தீங்கில்லை. முற்றாக அழிக்க முடியாது. எழுதி மூடிவிட்ட ஏட்டைப் போல, தொழிற்சாலையிலேயே பதித்துப் பூட்டப்பட்ட பகுதியில் அவை இருக்கின்றன.

பெண்கள் விசேடமாக அறிந்திருக்க வேண்டிய ஒரு பெயர் 'அண்ட்ரொயிட் சிஸ்டம் சேஃப்டிகோர்'. 2024 இறுதியிலிருந்து இது பலருடைய போன்களுக்குள் சத்தமில்லாமல் வந்து சேர்ந்தது. 2025 பெப்ரவரியில், "கூகுள் நமது படங்களையெல்லாம் பார்க்கிறது" என்ற பேச்சு எங்கும் பரவியது. ஹிஜாப் இல்லாமல் வீட்டுக்குள் எடுத்த படங்கள் போனில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு இது சாதாரணச் செய்தியா? விடயம் இதுதான். கூகுளின் 'மெசேஜஸ்' செயலியில் நிர்வாணப் படமொன்று வந்தால் அதை மங்கலாக்கி எச்சரிப்பதற்கும், அப்படியொன்றை அனுப்பப் போனால் நிறுத்திக் கேட்பதற்கும் இது உதவுகிறது. படம் எத்தகையது என்ற கணிப்பு போனுக்குள்ளேயே நடக்கிறது, வெளியே எதுவும் அனுப்பப்படுவதில்லை என்று கூகுள் சொல்கிறது. கூகுளை அடிக்கடி குறை கூறும் 'கிராபீன் ஓ.எஸ்.' குழுவினரும் அவ்வாறே விளக்கினார்கள். பெரியவர்கள் விரும்பினால் மாத்திரம் இவ்வசதியை இயக்கலாம். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு அது தானாகவே இயங்கும் வகையில் வகுக்கப்பட்டது. பிள்ளையின் கையில் போன் கொடுத்திருக்கும் தாய்க்கு இது உதவியே. ஆனால் கேட்காமல் உள்ளே வந்தது பிழைதான். மக்கள் கோபப்பட்டதில் குற்றம் காண முடியாது. வேண்டாம் என்பவர்கள் இதை நீக்கிவிடலாம்.

தொழிற்சாலையிலிருந்து வந்ததெல்லாம் சுத்தமானதா? அதுவும் இல்லை. 2016 நவம்பரில் அமெரிக்காவின் கிரிப்டோவயர் என்ற பாதுகாப்பு நிறுவனம் ஓர் உண்மையை வெளியிட்டது. 'புளூ' நிறுவனம் அங்கே விற்ற மலிவு விலைப் போன்கள் சிலவற்றில், சீனாவின் 'அடப்ஸ்' நிறுவனத்தின் மென்பொருள் உள்ளேயே பதிக்கப்பட்டிருந்தது. போனைப் புதுப்பிப்பது அதன் வேலையாம். ஆனால் அது 72 மணித்தியாலத்துக்கு ஒரு முறை, பாவனையாளரின் குறுஞ்செய்திகளை முழு வாசகத்துடன் சீனாவிலுள்ள ஓர் இடத்துக்கு அனுப்பிக் கொண்டிருந்தது! பெயர் தெரியாத போனைப் பாதி விலைக்குத் தருகிறார்கள் என்றால் ஏன் என்று ஒரு தடவை யோசியுங்கள்.

சரி, ஒரு பெயர் உங்களை உறுத்துகிறது. பெட்டியோடு வந்ததா, யாராவது பின்னர் போட்டதா என்று எப்படி அறிவது? பட்டியலில் அதைத் தொடுங்கள். 'டிஸேபிள்' என்று மட்டும் இருந்தால், அல்லது அந்தப் பொத்தானும் மங்கி இருந்தால், பெரும்பாலும் அது பெட்டியோடு வந்தது. 'அன்இன்ஸ்டோல்' என்று இருந்தால் பெரும்பாலும் பிறகு வந்தது. அப்பக்கத்தின் அடியில் அது எங்கிருந்து போடப்பட்டது என்றும் பல போன்கள் சொல்லும். பிளே ஸ்டோரிலிருந்து வராத ஒன்றென்றால் கவனம் தேவை.

இதைவிடத் தெளிவான வழி ஒன்றுண்டு. போனை நிறுத்தும் பொத்தானை அழுத்திப் பிடித்து, திரையில் 'பவர் ஓஃப்' என்று வந்ததும் அதன் மேல் விரலைச் சற்று நேரம் வைத்திருங்கள். பெரும்பாலான போன்களில் 'சேஃப் மோட்' என்று கேட்கும். சம்மதித்தால் போன் மீண்டும் திறக்கும். பின்னர் போடப்பட்ட செயலி எதுவும் அப்போது இயங்காது. சாதாரணமாகத் தெரிந்து, இந்த நிலையில் மறைந்து போகிறதென்றால் அது யாரோ பிறகு கொண்டு வந்தது. மறுபடி ஒரு முறை நிறுத்தித் திறந்தால் எல்லாம் பழையபடி வந்துவிடும்.

இப்போது தொப்பி போட்ட கள்ளனிடம் வருவோம். ஒருவரைத் திருட்டுத்தனமாகக் கண்காணிக்கும் செயலிகள் 'சிஸ்டம் சேர்விஸ்' என்பது போன்ற கௌரவமான பெயருடன்தான் வரும். போன் சில நிமிடங்கள் கைக்குக் கிடைத்தால் போதும், போட்டு விடுவார்கள். ஆனால் பெயரை மறைத்தாலும் அனுமதியை மறைப்பது கடினம். திரையை வாசிக்க 'அக்ஸஸிபிலிட்டி' அனுமதி வேண்டும். செய்திகளைப் பார்க்க 'நோட்டிஃபிகேஷன் அக்ஸஸ்' வேண்டும். நீங்கள் நீக்க முடியாதபடி உட்கார 'டிவைஸ் அட்மின்' வேண்டும். செட்டிங்ஸிலுள்ள தேடும் இடத்தில் இம்மூன்று பெயர்களையும் ஒவ்வொன்றாக எழுதித் தேடி, யாருக்கு அனுமதி இருக்கிறதென்று பாருங்கள். பிளே ஸ்டோரிலுள்ள 'பிளே புரொடெக்ட்' யாராலோ நிறுத்தப்பட்டிருந்தால் அதுவும் ஓர் அடையாளம்.

இத்தகையவை முன்பின் தெரியாதவர்களிடமிருந்தும் வரும். 2024இல் இந்தியாவில் கலியாண அழைப்பிதழ் என்று சொல்லி வட்ஸ்அப்பில் ஒரு கோப்பு பரவி, பொலிஸார் எச்சரிக்கை விடுக்க வேண்டியதாயிற்று. அது படமல்ல, செயலி. கோப்பின் பெயர் 'ஏ.பி.கே.' என்ற மூன்று எழுத்துக்களில் முடிந்தால், யாருடைய கலியாணமானாலும் திறக்காதீர்கள்.

உங்களைக் கண்காணிப்பவர் உங்களுக்குக் கேடு செய்யக் கூடியவர் என்ற பயம் இருந்தால், அந்தச் செயலியை உடனே நீக்க வேண்டாம். நீக்கிய மறுகணமே அவருக்குத் தெரிந்துவிடலாம். முதலில் வேறொரு போனிலிருந்து நம்பிக்கையானவர் ஒருவருடன் கதையுங்கள். பெண்களுக்கான அரச உதவி இலக்கம் 1938. போன், கணினி சம்பந்தப்பட்ட முறைப்பாடுகளுக்கு இலங்கை சேர்ட் நிறுவனத்தின் இலக்கம் 101.

அந்நியப் பெயர்களைத் தேடித் திரியும்போது, நன்றாகத் தெரிந்த பெயர்களை மறந்து விடுகிறோம். கட்டாரிலிருந்தோ சவூதியிலிருந்தோ போன் வருகிறது. வாங்கி அனுப்பிய தம்பியோ, திறந்து கொடுத்த மருமகனோ, கடைக்காரப் பையனோ தன்னுடைய கூகுள் கணக்கைப் போட்டுத் தருகிறார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, அவசரத்துக்குச் செய்தது. ஆனால் 'கூகுள் போட்டோஸ்' சேமிப்பு இயங்கிக் கொண்டிருந்தால், நீங்கள் வீட்டுக்குள் எடுக்கும் ஒவ்வொரு படமும் அவருடைய கணக்குக்குப் போய்ச் சேரும். அவர் விரும்பாமலேயே அவருடைய போனில் அவை தெரியும். இதற்கு எந்த வேவுச் செயலியும் தேவையில்லை. போட்டோஸ் செயலியின் மேல் மூலையிலுள்ள வட்டத்தைத் தொட்டு, அங்கே யாருடைய ஈமெயில் முகவரி இருக்கிறது என்று இன்றே பாருங்கள். வட்ஸ்அப்பிலும் 'லிங்க்ட் டிவைசஸ்' என்ற இடத்தில் உங்களுக்குத் தெரியாத கணினி இணைந்திருந்தால், அதைத் தொட்டு 'லொக் அவுட்' செய்து விடுங்கள்.

இன்னொருவரின் கணக்கை நீக்குவதற்கு முன், உங்கள் பெயரில் ஒரு கணக்குத் திறந்து, தொலைபேசி இலக்கங்களை அதற்கு மாற்றிக் கொள்ளுங்கள். பழைய கணக்கில் சேமித்திருந்த இலக்கங்கள் அதோடு சேர்ந்து போய்விடும். ஏற்கனவே அங்கே போய்ச் சேர்ந்த படங்கள், கணக்கை உங்கள் போனிலிருந்து நீக்குவதால் மட்டும் அழியாது. கணக்குக்குரியவரிடம் சொல்லி, அவர் பக்கத்திலும் அழிக்கச் செய்ய வேண்டும். குப்பைக் கூடையிலிருந்தும் சேர்த்து.