நாற்காலி வேண்டாம், வகுப்பறை போதும்

பதவியை மறுத்த ஒரு பாதிரியாரும், அந்தப் பதவியில் அமர்ந்த ஓர் இந்தியரும்: தில்லியில் 1906-இல் நடந்தது

தில்லியின் தலைமைத் தேர்தல் அதிகாரி அலுவலக முகவரி பல ஆண்டுகளாக இப்படித்தான் அச்சாகி வந்திருக்கிறது: பழைய செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரிக் கட்டடம், காஷ்மீரி கேட். 1891 முதல் 1941 வரை, அரை நூற்றாண்டு காலம் கல்லூரி அங்கேதான் நடந்தது. 1906-இல் அந்தக் கட்டடத்திலும் ஒரு பதவிக்கு ஆள் தேட வேண்டியிருந்தது. வாக்குச்சீட்டு கிடையாது. முடிவெடுக்க வேண்டியவர்கள் கேம்பிரிட்ஜ் மிஷனைச் சேர்ந்த ஆங்கிலேயப் பாதிரிமார்களும் அவர்களுக்கு மேலிருந்த திருச்சபை அதிகாரிகளும்.

முதல்வராக இருந்த ஹிபர்ட்-வேர் விலகுகிறார். அடுத்தவர் யார்? எல்லோர் பார்வையும் சார்லஸ் ஃப்ரீர் ஆண்ட்ரூஸ் மீது. வயது 35. கேம்பிரிட்ஜ் பட்டதாரி, ஆங்கிலிக்கன் குரு. தில்லிக்கு வந்து இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. ஆனால் அதே கல்லூரியில் 1886 முதல் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர் ஒருவர் இருந்தார்: வங்காளக் கிறிஸ்தவரான சுசில் குமார் ருத்ரா. இருபது ஆண்டு அனுபவம், மாணவர்களிடம் மதிப்பு, நிர்வாகத் திறமை எல்லாம் அவரிடம் இருந்தன. இல்லாதது ஒன்றே ஒன்று, வெள்ளைத் தோல்.

ஆங்கிலேய முதல்வர் இல்லாவிட்டால் பெற்றோர் பிள்ளைகளை அனுப்புவார்களா, ஒழுங்கு நிலைக்குமா என்றெல்லாம் மேலிடத்தில் தயக்கம். தில்லி அப்போது தலைநகர் அல்ல. பஞ்சாப் மாகாணத்தின் ஒரு நகரம். 1857-இன் வடு ஆறாத ஊர். ஆண்ட்ரூஸ் பிடிவாதமாக நின்றார். தனக்கு அந்த இடம் வேண்டாம், ருத்ராவுக்கே அது உரியது, இனத்தைக் காரணம் காட்டி அவரை ஒதுக்கினால் தானும் கல்லூரியில் நீடிக்க முடியாது என்றார். ருத்ரா முதல்வரானார். அந்தக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வர் அவர்தான். ஆண்ட்ரூஸ் தத்துவ வகுப்புக்குத் திரும்பிப் போனார், ருத்ராவின் கீழ் பணியாற்றும் ஆசிரியராக.

இந்த நிகழ்ச்சியைச் சொல்கிறவர்கள் ஆண்ட்ரூஸின் பெருந்தன்மையோடு நிறுத்திக்கொள்வதுண்டு. அதில் ஒரு சங்கடம் இருக்கிறது. இருபது வருடம் உழைத்தவருக்கு அவருடைய இடம் கிடைக்க, இரண்டு வருடம் முன்பு வந்தவர் மறுக்க வேண்டியிருந்தது. விட்டுக்கொடுத்தவர் பெயர் நாடெங்கும் தெரியும். தீனபந்து என்று மக்கள் கொண்டாடினார்கள், தெற்கு தில்லியில் ஆண்ட்ரூஸ் கஞ்ச் என்று ஒரு பகுதியே இருக்கிறது. பதினேழு ஆண்டுகள் அந்த நாற்காலியில் அமர்ந்து கல்லூரியை நடத்திய ருத்ராவைத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

கல்லூரிச் சுவருக்கு வெளியே அந்த முடிவுக்கு இருந்த பொருளைத் தமிழ் வாசகர்கள் எளிதில் உணரலாம். ஆங்கிலிக்கன் திருச்சபை முதன்முதலாக ஓர் இந்தியரை பிஷப் ஆக்கியது அதற்கு ஆறு ஆண்டுகள் கழித்து, 1912 டிசம்பரில். தோர்ணக்கலில் பொறுப்பேற்ற அவர் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. அவருக்கும் எதிர்ப்பு இருந்தது. இந்தியர் ஒருவர் கல்லூரியையோ சபையையோ தலைமை தாங்கி நடத்த முடியுமா என்பதே அன்றைய கேள்வி.

ஆண்ட்ரூஸுக்கோ தில்லி ஒரு பள்ளிக்கூடமாகவே அமைந்தது. பழைய தில்லியின் முஸ்லிம் அறிஞர் முன்ஷி ஸகாவுல்லாவோடு அவருக்கு ஆழ்ந்த நட்பு. கணிதம், வரலாறு என்று உருதுவில் எழுதிக் குவித்த அந்த முதியவரின் வாழ்க்கை வரலாற்றை ஆண்ட்ரூஸ் பிற்பாடு எழுதி 1929-இல் வெளியிட்டார். பாடம் சொல்ல வந்தவர் பாடம் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதற்கு அந்தப் புத்தகம் சாட்சி.

1912-இல் லண்டனில், ஓவியர் ராத்தன்ஸ்டைன் வீட்டில், கவிஞர் யேட்ஸ் தாகூரின் கவிதைகளை வாசித்தார். கேட்டவர்களில் ஆண்ட்ரூஸும் ஒருவர். அதற்குப் பிறகு மிஷன் பணியில் அவர் மனம் ஒட்டவில்லை. திருச்சபையின் சில கோட்பாடுகளை முழு மனத்தோடு சொல்ல முடியவில்லை என்ற உறுத்தலும் சேர்ந்துகொண்டது. 1914-இல் குருத்துவக் கடமைகளிலிருந்து விலகி, சாந்திநிகேதனில் ஆசிரியராகச் சேர்ந்தார். மதத்தை விட்டுவிட்டார் என்று சிலர் பேசினார்கள். அவர் விட்டது பலிபீடத்தை மட்டுமே; கிறிஸ்துவை அல்ல.

ஆசிரியராகவாவது நிலைத்து உட்கார்ந்தாரா என்றால் இல்லை. அந்த ஆண்டு ஜனவரியில்தான், கோகலேயின் வேண்டுகோளை ஏற்று தென்னாப்பிரிக்கா சென்று, டர்பன் துறைமுகத்தில் காந்தியின் காலைத் தொட்டு வணங்கி, அங்கிருந்த வெள்ளையர்களின் கோபத்தைச் சம்பாதித்திருந்தார். 1915-இலும் 1917-இலும் பிஜித் தீவுகளுக்குப் போனார். பாரதி ‘கரும்புத் தோட்டத்திலே’ என்று பாடிய அதே பிஜி. 1903 முதல் சென்னைத் துறைமுகம் வழியாகத் தமிழர்களும் தெலுங்கர்களும் அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். ஆண்ட்ரூஸின் அறிக்கைகள் ஒப்பந்தக் கூலி முறைக்கு எதிரான கிளர்ச்சிக்கு வலுச் சேர்த்தன. பிஜியில் எஞ்சியிருந்த ஒப்பந்தங்கள் 1920-இல் ரத்தாயின. சாந்திநிகேதன் மாணவர்களுக்கு அவர் எவ்வளவு பாடம் நடத்தினாரோ, கரும்புத் தோட்டத்துக் கூலிகளுக்கு அவர் செய்தது அதைவிட அதிகம்.

கற்பிக்கும் பணியில் ஊன்றி நின்றவர் ருத்ராதான். 1915 ஏப்ரலில் காந்தி தில்லிக்கு வந்தபோது தங்கியது அவர் வீட்டில். அடுத்து வந்த ஆண்டுகளிலும் அந்த வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. கிலாபத் கோரிக்கை குறித்து வைஸ்ராய்க்கு எழுதிய பகிரங்கக் கடிதம் ருத்ராவின் கூரையின் கீழ்தான் உருவானது என்று காந்தி பின்னர் நன்றியோடு எழுதினார். அரசு மானியம் பெறும் ஒரு மிஷன் கல்லூரி முதல்வர் இப்படி ஒரு விருந்தாளியை வைத்துக்கொள்வது லேசான காரியமல்ல. 1922-இல் தில்லிப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது அதில் இணைந்த மூன்று கல்லூரிகளில் அவருடையதும் ஒன்று. 1923-இல் ஓய்வு பெற்றார், 1925-இல் காலமானார். ‘யங் இந்தியா’வில் காந்தி அஞ்சலி எழுதினார்.

ஆண்ட்ரூஸ் பிறந்தது இங்கிலாந்தின் நியூகாசில் நகரில், 1871-இல். அதே நகரில் 1909-இல் பிறந்த இன்னொருவரைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் நன்கு அறிவார்கள்: லெஸ்லி நியூபிகின். 1936-இல் சென்னைக்கு வந்தவர். தமிழ் கற்றுத் தமிழிலேயே பிரசங்கித்தார். காஞ்சிபுரத்தில் ராமகிருஷ்ண மடத்துத் துறவிகளோடு அமர்ந்து உபநிடதத்தையும் யோவான் சுவிசேஷத்தையும் மாறி மாறிப் படித்தார். 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, 37 வயதில், மதுரை-ராமநாதபுரம் பேராயர். 1965 முதல் சென்னைப் பேராயர். 1974-இல் பொறுப்பை விட்டார். அவர் இடத்துக்கு சுந்தர் கிளார்க் வந்தார்.

தாயகம் திரும்பிய விதம்தான் வேடிக்கை. இரண்டு பெட்டிகள், ஒரு முதுகுப் பை. மனைவி ஹெலனோடு, கிடைத்த பஸ்களில் ஏறி இறங்கித் தரைமார்க்கமாகவே இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். பேராயர் ஒருவர் ஊர் திரும்ப இப்படி ஒரு வழியைத் தேர்ந்தெடுத்திருப்பது அபூர்வம். பர்மிங்ஹாமின் செல்லி ஓக் கல்லூரிகளில் 1979 வரை ஐந்தாண்டுகள் ஆசிரியர் வேலை. தமிழ்நாட்டுக் கிராமங்களில் சந்தித்த எதிர்ப்பைவிட, சொந்த நாட்டில் மதத்தின்பால் கண்ட அலட்சியமே தாங்கக் கடினமாக இருந்தது என்பது அவர் அனுபவம். 1980-களில் அவர் எழுதி உலகெங்கும் படிக்கப்பட்ட நூல்களின் விதை அந்த அதிர்ச்சிதான்.

வகுப்பறையிலிருந்தும் ஓய்வு பெற்ற பிறகு, எழுபது வயதில், மூடிவிடலாமா என்று யோசிக்கப்பட்டுக்கொண்டிருந்த ஒரு சின்னஞ்சிறு ஆலயத்தைத் தானே பொறுப்பேற்றுக்கொண்டார். பர்மிங்ஹாமின் வின்சன் கிரீனில், சிறைச்சாலைக்கு எதிரே இருந்தது அந்த ஆலயம்.