மலைப்பாதையில் மோட்டார் வானொலி



மைசூர் மகாராஜா கல்லூரியில் உளவியல் பேராசிரியராக விளங்கிய எம். வி. கோபாலசுவாமி அவர்கள், 1935ஆம் ஆண்டில் தம் இல்லத்திலேயே ஒரு சிறு ஒலிபரப்பு நிலையத்தை நிறுவினார். ‘ஆகாசவாணி’ என்பது அந்நிலையத்தின் பெயர். அம்மைசூருக்குத் தென்கிழக்கே உள்ளது சாமராஜநகர். முன்னர் அரிகுட்டாரம் என வழங்கிய இவ்வூர் 1818இல் இப்பெயர் பெற்றது. 1997இல் தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. ஆகாசவாணி பிறந்த மண்ணுக்கு இத்துணை அருகில் இருந்தும், இங்கிருந்து புறப்படும் ஒரு வண்டியில் வானொலி தெளிவாகக் கேட்பதில்லை என்றால் வியப்பாக இல்லையா?

சென்ற மழைக்காலத்தில், நண்பர் ஒருவரின் விளையாட்டுக் காரில் சாமராஜநகரிலிருந்து சத்தியமங்கலம் சென்றேன். தாழ்ந்த உடலும் இரண்டே இருக்கைகளும் கொண்ட வண்டி அது. உடல் முழுவதும் கண்ணாடி இழையால் ஆனது. திம்பம் மலைப்பாதையின் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குமுன், கீழே மழை எப்படி என்று செய்தியில் கேட்டுவிட எண்ணினோம். காதில் விழுந்ததோ வெறும் இரைச்சல். ஆசனூரில் தேநீர் அருந்த வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்தோம். அக்கணமே மைசூர் நிலையத்தின் குரல், மெலிதாயினும், தெளிவாகக் கேட்டது. நோய் வானத்தில் இல்லை, வண்டிக்குள்தான் இருக்கிறது என்பது அப்போது விளங்கியது.

பெட்ரோல் எஞ்சினின் ஒவ்வொரு தீப்பொறியும் ஒரு சிறு ஒலிபரப்பியே ஆகும். சாதாரண வண்டியில் எஞ்சினைச் சூழ்ந்துள்ள இரும்புத் தகடு அந்த மின் இரைச்சலைப் பெரிதும் தடுத்துவிடுகிறது. கண்ணாடி இழை உடலுக்கு அந்தத் திறன் இல்லை. அமெரிக்காவில் 1953இல் வெளிவந்த கார்வெட் வண்டிக்கும் இதே இடர்ப்பாடு இருந்தது. ஆகவே அதன் தீப்பொறி அமைப்புக்கு உலோக உறைகள் பூட்டினார்கள். ஏரியலையோ பின்புற மூடியின் உள்ளேயே பதித்தார்கள். நம் நாட்டில் கோவாவில் உருவான சான் ஸ்டார்ம் வண்டியும் இழை உடல் கொண்டதே.

பரிகாரம் என்ன? முதலில் நோயின் மூலத்தைக் கண்டறிதல் வேண்டும். எஞ்சினின் வேகத்துக்கு ஏற்ப ‘டிக் டிக்’ என்ற ஒலி விரைந்தால், குற்றம் தீப்பொறிக் கம்பிகளுடையது. மின்தடை அமைந்த ஸ்பார்க் பிளக்குகளும் அதற்கேற்ற கம்பிகளும் அதைத் தணிக்கும். சீழ்க்கை போன்ற ஒலி எழுந்து, வேகத்தோடு ஏறி இறங்கினால், ஆல்டர்னேட்டரைச் சோதிக்க வேண்டும். எஞ்சின் நின்ற பின்னும் இரைச்சல் நீடித்தால், கைப்பேசிக்கு மின்னேற்றும் கருவியையும் புதிதாகப் பொருத்திய விளக்குகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். பல வேளைகளில் குற்றவாளி அங்கேயே அகப்படுவான்.

அடுத்தது ஏரியல். பண்பலை ஒலிபரப்பின் அலைநீளம் ஏறக்குறைய 3 மீட்டர். அதில் கால் பங்கு 75 சென்டிமீட்டர். நிமிர்ந்து நிற்கும் அந்நீளக் கம்பியே சிறந்தது. அழகு கருதி விரல் நீளக் குச்சியைப் பொருத்துவோர் அழகை அடைகிறார்கள்; ஒலியை இழக்கிறார்கள். கம்பி மட்டும் போதாது. அதன் அடியில் உலோகப் பரப்பு ஒன்றும் வேண்டும். இரும்பு வண்டியில் கூரையே அதற்கு உதவுகிறது. இழை வண்டியில் ஏரியலின் அடியில், உட்புறமாக, ஓர் உலோகத் தகட்டைப் பதித்து, கேபிளின் வெளிப்பின்னலை அதனுடன் இறுக இணைக்க வேண்டும். இரும்பு வண்டியாயின், இணைப்பிடத்தில் உள்ள வண்ணப்பூச்சையும் துருவையும் சுரண்டி நீக்குதல் அவசியம்.

நண்பர் இவற்றையெல்லாம் செய்து முடித்தபின், அதே வழியில் மீண்டும் சென்றோம். ஆசனூர் வரை மைசூரின் கன்னடம் தெளிவாகக் கேட்டது. திம்பத்தைத் தாண்டித் தென்சரிவில் இறங்கத் தொடங்கியதும் அது தேய்ந்தது. ஒரு வளைவில் கன்னடம். அடுத்த வளைவில், விசையைத் தொடாமலே, தமிழ்! மைசூர் நிலையம் ஒலிப்பது 100.6 மெகாஹெர்ட்ஸில், கோடைக்கானல் நிலையமோ 100.5இல். பண்பலை அலைகள் பெரும்பாலும் நேர்க்கோட்டில் செல்வன. மலை குறுக்கிட்டால் மெலிவன. அண்மை அலைவரிசைகளில் இரண்டு குரல்கள் வரும்போது, வலிய குரலையே கருவி பற்றிக்கொள்ளும். மலையின் ஒருபுறம் மைசூர் வலியது. மறுபுறம், உயர்ந்த சிகரத்தில் அமைந்த கோடைக்கானல் வலியது. இதற்கு வண்டியும் பொறுப்பன்று, ஏரியலும் பொறுப்பன்று.

ஆகவே, குறை நம்முடையதா, மலையுடையதா என்று பகுத்தறிவதே முதற்கடமை. எஞ்சினை ஒருமுறை அணைத்துப் பார்த்தால் அது தெரிந்துவிடும். அதற்குச் செலவு ஏதுமில்லை. எஞ்சோடு போகும் இரைச்சலைக் கருவிகளால் களையலாம். மலை மறைக்கும் குரலுக்கோ அடுத்த வளைவு வரை காத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் மழைச் செய்தியை மட்டும் மலையிறங்கும் முன்பே, சமவெளியிலேயே, கேட்டுக்கொள்வது நலம்.