மேய்க்கால் புறம்போக்கில் பதினெட்டுக் குழிகள்

கோல்ஃப் என்றதும் 'பணக்காரன் ஆட்டம்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். முடித்துவிட்டால் அதிகாரம் எப்படிப் புல்லாக முளைக்கிறது என்பது புரியாமலே போகும்.

முதலில் சொல். கடலோர மைதானத்துக்கு 'லிங்க்ஸ்' என்று பெயர். ஸ்காட்லாந்தில் கடலுக்கும் உழவு நிலத்துக்கும் நடுவே கிடக்கும் மணல்மேட்டைக் குறித்த சொல் அது. ஏர் ஓடாது, புல் மட்டும் வரும். ஊரார் ஆடு விட்டார்கள். நம் ரெவின்யூ பாஷையில் மேய்க்கால் புறம்போக்கு. காற்றுக்குப் பயந்து ஆடுகள் ஒதுங்கி ஒதுங்கிப் பறிந்த பள்ளங்கள்தான் 'பங்கர்' எனும் மணற்குழிகள் ஆயின என்று சொல்வதுண்டு. ஒடுகத்தூர் ஆட்டுச் சந்தையைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது வெறும் வேடிக்கைத் தகவல் இல்லை. ஆடு எழுதிய பிரதியின் கீழே கனவான்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

சண்டையில்லாமல் போடவில்லை. செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரசபை கடனில் மூழ்கி 1797இல் நிலம் கைமாற, முயல் வியாபாரிகளுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் 1821 வரை வழக்கு நடந்தது. 1894இல் ஒரு சட்டத்தின் வழியாக நிலம் நகரத்துக்கே திரும்பியது. இன்றும் அந்தப் பழைய மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் வழக்கமாக ஆட்டம் கிடையாது. ஊர்ஜனம் நாயைப் பிடித்துக்கொண்டு உலாவலாம். ஏற்றுமதியானபோது ஆட்டம் வந்தது, இந்த ஞாயிற்றுக்கிழமை வரவில்லை.

ஆட்டம் எளிது. பதினெட்டுக் குழி, ஒவ்வொன்றும் நாலேகால் அங்குல அகலம். பதினாலு மட்டைக்கு மேல் கொண்டுபோகக் கூடாது. தேர்ந்த ஆள் ஒரு குழிக்கு எத்தனை அடியில் முடிப்பான் என்ற கணக்குக்குப் 'பார்' என்று பெயர். பெரும்பாலும் நடுவர் கிடையாது. தப்பு செய்தால் தானே சொல்லி அபராதம் ஏற்க வேண்டும். நம்பிக்கை என்பது அங்கே விதி. தோல் ஷெட்டு வாசலில் வேலை முடிந்து வெளியே வருகிறவளைத் தடவிப் பார்த்து அனுப்புவதும் விதிதான். இரண்டு விதிகளும் ஒரே சரக்கின் இரண்டு முனைகள். ஆதியில் பந்தே தோல்: ஈரத்தோலைப் பையாகத் தைத்து, வேகவைத்த இறகைத் திணித்துக் காயவிட்டால் கல்லாகிவிடும். 1848 வாக்கில் மலாயாக் காட்டுப் பிசின் வந்து அதை ஒழித்தது. ஆனாலும் தோல் ஆட்டக்காரரின் கையை விடவில்லை. வலக்கைக்காரர் இடது கையில் மாட்டும் நல்ல கையுறை இன்றும் செம்மறித் தோல்தான். பச்சைத்தோலைத் தொட்டவனைத் தீண்டாதே என்ற சமூகத்தில் பதனிட்ட தோல் மட்டும் எந்தக் கையையும் தீண்டலாம்.

கடலோர ரிசார்ட் மைதானங்களில் பெரும்புகழ் பெற்றது கலிஃபோர்னியாவின் பெப்பிள் பீச், 1919இல் திறந்தது. ஏழாவது குழி நூறு கெஜத்துச் சொச்சம்தான். கீழே பாறை, சுற்றிலும் கடல், அன்றைய காற்றுதான் மட்டையைத் தேர்ந்தெடுக்கும். எட்டாவதில் கடல் நுழைந்த பள்ளத்தின் மேலாகப் பந்தைப் பறக்கவிட வேண்டும். பதினெட்டாவதில் இடப்பக்கம் முழுக்க அலை. அழகுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் கரையில் 19ஆம் நூற்றாண்டில் சீன மீனவர் குப்பம் இருந்தது. பக்கத்து பாயின்ட் அலோன்ஸ் சீனக் குப்பம் 1906 மே மாதம் எரிந்தபோது, நிலத்துக்குச் சொந்தக்காரக் கம்பெனி திரும்பக் கட்ட விடவில்லை. பெப்பிள் பீச் நிலமும் அதே கம்பெனியின் கையில்தான் இருந்தது. வெற்று நிலம் என்பது எப்போதும் வெறுமையாக்கப்பட்ட நிலம்.

1990இல் மினோரு இசுதானி என்ற ஜப்பானிய முதலாளி 80 கோடி டாலருக்கு மேல் கொடுத்து அதை வாங்கி, உறுப்பினர் உரிமை விற்றுக் காசைத் தேற்றப் பார்த்தார். பொதுஜனம் ஆடும் வாய்ப்புக் குறையும் என்று கடற்கரை ஆணையம் மறித்தது. 1992இல் பெருநட்டத்துக்கு விற்றுவிட்டுப் போனார். நல்ல செய்தி. அந்தப் 'பொதுஜனம்' இன்று ஒரு ஆட்டத்துக்கு அறுநூறு டாலருக்கு மேல் கட்டுகிறது என்பது அடுத்த செய்தி. 1994 முதல் அங்கே புல்லுக்குச் சுத்திகரித்த கழிவுநீர் பாய்கிறது. நம் பாலாற்றில் தோல் கழிவு கலந்ததற்குக் கெடுத்தவரே ஈடுகட்ட வேண்டும் என்று உச்சநீதிமன்றம் சொன்னது 1996 ஆகஸ்ட் 28இல். ஆம்பூர்ப் பக்கம் யார் வீட்டுக் கிணற்றையும் கேட்டுப் பாருங்கள்.

தமிழ் நிலத்திலும் ஒரு கடலோர மைதானம் இருக்கிறது. திருகோணமலை சீனன்குடாவில், இலங்கை விமானப்படை நடத்துவது. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்ட பிரிட்டிஷ் தளத்தின் தொடர்ச்சி அந்த முகாம். பக்கத்து மார்பிள் கடற்கரை விடுதியும் அவர்களுடையதே. போர் 2009இல் முடிந்தது. சீருடை வரவேற்பறைக்கு வந்தது. இங்கே பங்கர் என்ற சொல்லை நான் எந்த அர்த்தத்தில் வாசிப்பது?

நம் கரைக்கு வருவோம். 1991 பிப்ரவரி 19 கடற்கரை ஒழுங்காற்று அறிவிக்கை, கிராமப்புறக் கரைகளில் உயர் அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டரைக் கட்டடம் கூடாத பகுதி என்றது. ஆனால் தோட்டம், பூங்கா, விளையாட்டுத் திடல் வரலாம் என்றது. 2019இல் ஜனநெருக்கம் மிகுந்த கிராமக் கரைகளுக்கு அந்த 200 மீட்டர் 50 ஆயிற்று. விளையாட்டுத் திடல் என்ற சொல்லுக்குள் பையன்கள் கபடி ஆடும் மணலும் நுழையும், நீரூற்றி வளர்த்த பச்சைப் புல்லும் நுழையும். குப்பங்களில் வேலை செய்யும் தோழர்கள் மாவட்டக் கடற்கரை மேலாண்மை வரைபடத்தை வாங்கி, வலை உலர்த்தும் இடமும் கருவாடு காயும் இடமும் அதில் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.