ஓடிபி சொன்னால் சம்மதமா?

2018-இல் தமிழ்நாட்டுப் பாடத்திட்டம் மாறியபோது பாடப்புத்தகங்களில் கியூஆர் கோடும் அச்சாகி வந்தது. மத்திய அரசின் தீக்‌ஷா செயலியில் அதை ஸ்கேன் செய்தால், கடலூர் மாவட்டக் கடலோர ஊரான கிள்ளையில் படிக்கும் பிள்ளைக்கும் சென்னையில் படிக்கும் பிள்ளைக்கும் ஒரே காணொலிப் பாடம் கிடைக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் 2022 மே மாதம் ஹ்யூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு வெளியிட்ட அறிக்கை வேறொன்றையும் காட்டியது. கொரோனா காலத்தில் 49 நாடுகளில் பிள்ளைகள் படிக்கப் பயன்படுத்திய 164 கல்விச் செயலிகளையும் தளங்களையும் அது ஆராய்ந்தது. அவற்றில் 146 செயலிகளும் தளங்களும் பிள்ளைகளின் உரிமையை மீறின, அல்லது மீறும் நிலையில் இருந்தன. பிள்ளை இருக்கும் இடத்தைத் துல்லியமாக அறியும் வசதி தீக்‌ஷாவுக்குள்ளும் இருந்தது. அடுத்த ஜனவரியில், பூட்டப்படாத ஒரு சேமிப்பகத்தில் தீக்‌ஷாவைப் பயன்படுத்திய ஏறத்தாழ 6 லட்சம் மாணவர்கள், 10 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் விவரங்கள் திறந்து கிடந்தது தெரியவந்தது. இதற்குப் பிறகும் சந்தேகப்படும் பெற்றோரை விவரம் தெரியாதவர்கள் என்பது அநியாயம்.

பாடம் நடத்தும் செயலிக்கும் விளம்பர நிறுவனத்துக்கும் என்ன தொடர்பு? செயலியை உருவாக்குவோர் எல்லாவற்றையும் தாமே எழுதுவதில்லை. பெரிய நிறுவனங்கள் இலவசமாகத் தரும் ஆயத்த நிரல் துண்டுகளை உள்ளே பொருத்துகிறார்கள். தகவல் அந்த வழியாகவே வெளியே போகிறது. ஆண்ட்ராய்டு செல்பேசி ஒவ்வொன்றுக்கும் ஒரு விளம்பர அடையாள எண் உண்டு. பாடச் செயலியும் விளையாட்டுச் செயலியும் ஒரே எண்ணைச் சொல்வதால், இரண்டையும் முடிச்சுப் போடுவது எளிது. "பெயரை நீக்கிவிட்டோமே" என்பார்கள். பெயர் தேவையே இல்லை. அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, பாலினம் ஆகிய மூன்றை மட்டும் கொண்டு அமெரிக்கர்களில் 87 விழுக்காட்டினரைத் தனித்து அடையாளம் காண முடியும் என்று 2000-இலேயே அமெரிக்க ஆய்வாளர் லட்டான்யா ஸ்வீனி கணக்கிட்டார். இருப்பிட வரைபடத்தில் சென்னையில் ஒரு புள்ளி என்றால் நூறு குடும்பங்கள் வாழும் அடுக்குமாடி. கிள்ளையில் ஒரு புள்ளி ஒரே வீடு. செல்பேசி இரவில் தங்கும் இடம் மீனவர் தெருவா, இருளர் குடியிருப்பா என்று தெரிந்தால் அந்தப் பிள்ளையின் சாதியும் குடும்பத் தொழிலும் சேர்ந்தே தெரிந்துவிடும். பெயரை நீக்கியதால் சிற்றூர்ப் பிள்ளைக்குக் கிடைத்த பாதுகாப்பு மிகச் சொற்பம்.

சட்டம் வந்துவிட்டதே என்று கேட்கலாம். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டோரைப் பின்தொடர்வதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். வரவேற்க வேண்டியதே. ஆனால் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாகின, நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வருகின்றன. அந்தத் தாமதத்தைவிடப் பெரிய குறை, சட்டம் பெற்றோரின் சம்மதத்தின் மீது சாய்ந்து நிற்பது. அப்பா கடலுக்குப் போய்விட்டார், அம்மா மீன் விற்கப் போகிறார், வீட்டில் ஒரே செல்பேசி. வந்த ஓடிபியையும் ஆங்கில நிபந்தனையையும் படித்துச் சொல்வது அந்தப் பிள்ளைதான் என்றால், சம்மதம் தந்தது யார்? நகரத்தில் படித்த பெற்றோரும் முப்பது பக்க நிபந்தனையைப் படிப்பதில்லை. பிள்ளைகளே இன்ஸ்டாகிராமில் படம் போடுகிறார்களே என்ற வாதமும் நிற்காது. தெரிந்து காட்டுவது வேறு, தெரியாமல் எடுப்பது வேறு.

தரவு இல்லாமல் கற்பித்தலை எப்படி மேம்படுத்துவது என்ற கேள்வி மட்டும் நேர்மையானது. எந்தக் கணக்கில் எத்தனை பேர் தவறினார்கள் என்று எண்ணினாலே ஆசிரியருக்குப் போதும்; அதற்கு வீட்டின் இருப்பிடமோ விளம்பர எண்ணோ வேண்டாம். ஆகவே, சம்மதம் வாங்குவதற்கு முன்பே, தேவையில்லாததை எடுக்காதே என்பது கட்டாயமாக்கப்பட வேண்டும். அமெரிக்காவில் 10 கோடி டாலர் நிதியோடு மாணவர் தரவைத் திரட்ட 2013-இல் தொடங்கிய இன்புளூம் என்ற அமைப்பு, 2014 ஏப்ரலில் மூடுவதாக அறிவித்தது. தரவு திருடுபோனதால் அல்ல. யாருக்குக் கொடுப்பீர்கள், எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்று கேட்ட பெற்றோரின் நம்பிக்கையைப் பெற முடியாததால். அந்தக் கேள்வியைக் கேட்க நமக்கும் இடம் இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்களே பெரும்பான்மை. அடுத்த கூட்டத்தில் கேளுங்கள்: என் பிள்ளை இருக்கும் இடம் இந்தச் செயலிக்கு எதற்கு? பதில் வரும்வரை செல்பேசியில் இருப்பிட அனுமதியை அணைத்து வையுங்கள்.