நோயாளியிடம் கேட்கப்படாத கேள்வி

ஆம்பூர்ப் பக்கத்தைச் சேர்ந்த என் பழைய மாணவர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன்னர் தம் தந்தையை அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். இ.எஸ்.ஐ. தொடர்பான விண்ணப்பம் ஒன்றை ஆங்கிலத்தில் நிரப்பித் தர வேண்டும் என்பது அவர்களின் வேண்டுகோள். பெரியவரின் இரு புறங்கைகளும் கறுத்துத் தடித்து, விரல் மடிப்புகளில் வெடித்திருந்தன. ஒரு பாலித்தீன் பையில் ஒன்பது ஆண்டுகளின் மருந்துச் சீட்டுகளைச் சேர்த்து வைத்திருந்தார். களிம்பு, மாத்திரை, வேறொரு களிம்பு, மறுபடியும் முதற்களிம்பு. சீட்டுகளில் அவருடைய பெயர் இருந்தது, வயது இருந்தது, சிலவற்றில் எடையும் இரத்த அழுத்தமும்கூட இருந்தன. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தோல் பதனிடும் ஆலையில், இங்குள்ளோர் சொல்வதுபோல ‘டேனரி’யில், குரோமிய உப்புக் கரைசல் சுழலும் மர டிரம்களில் இருந்து ஈரத்தோலை வெறுங்கையால் இழுத்துப் போட்டவர் அவர் என்பது மட்டும் ஒரு சீட்டிலும் இல்லை.

“என்ன வேலை செய்கிறீர்கள் என்று எந்த டாக்டராவது கேட்டாரா?” என்றேன். “வேலைக்குப் போகலாமான்னு நான்தான் சார் அவங்களைக் கேட்பேன்” என்றார்.

அவருடைய நோய் தொழிலால் வந்ததா, இல்லையா என்று சொல்லும் தகுதி பொருளாதாரம் படித்த எனக்கு இல்லை. தகுதி உள்ளவர்கள் ஒன்பது ஆண்டுகளாக அந்தக் கேள்வியை எழுப்பவில்லை என்பதே என் கவலை. மருத்துவ அறநெறி என்றவுடன் நாம் தரகுத் தொகை, தேவையற்ற பரிசோதனை, மருந்து நிறுவனங்களின் அன்பளிப்பு ஆகியவற்றைப் பற்றியே பேசுகிறோம். அவை பேசப்பட வேண்டியவைதாம். ஆனால் வாணியம்பாடி முதல் ராணிப்பேட்டை வரை பாலாற்றங்கரையில் நீளும் இந்தத் தோல் மண்டலத்தில், செய்த தவறுகளைவிட எழுதாமல் விட்ட ஒரு வரியே அதிகத் தீங்கு விளைவித்திருக்கிறது என்று கருதுகிறேன்.

கேள்வி புதியதன்று. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி 1700-ஆம் ஆண்டில் தொழிலாளர் நோய்கள் குறித்து நூல் எழுதினார். நோயாளியிடம் மருத்துவர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு அவருடைய தொழில் என்ன என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என வலியுறுத்தியவர் அவர். அந்நூலில் தோல் பதனிடுவோரைப் பற்றியும் எழுதியிருக்கிறார். நம் ஊர் மருத்துவ விழா மேடைகளில் திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்தைச் சொல்லாமல் யாரும் இறங்குவதில்லை. நோயின் காரணத்தைத் தேடச் சொல்லும் குறள் அது என்பது மேடையோடு நின்றுவிடுகிறது.

தோல் பதனிடுவதில் கேடு பல வாயில்களால் வருகிறது. பச்சைத்தோலில் மயிர் நீக்கும் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் கையை அரிக்கும். சல்பைடு கழிவுடன் அமிலம் சேர்ந்தால் எழும் ஹைட்ரஜன் சல்பைடு, தொட்டியில் இறங்குபவரைச் சில நொடிகளில் வீழ்த்தும். குரோமியத்தில் இரு வகை முக்கியமானவை. பதனிடப் பயன்படும் மூவிணைதிற உப்பு ஒப்பீட்டளவில் கேடு குறைந்தது. ஆயினும் ஒவ்வாமையுடைய தோலில் ஆறாத அழற்சியை உண்டாக்கும். அறுவிணைதிறக் குரோமியமோ தோலில் துளையிட்டாற்போன்ற புண்களையும், மூக்கின் நடுச்சுவரில் ஓட்டையையும், நீண்டகாலம் சுவாசித்தால் நுரையீரல் புற்றையும் விளைவிப்பது. அந்த வகை இரசாயனத்தைத் தயாரித்துப் பின்னர் மூடப்பட்ட ராணிப்பேட்டை ஆலையின் வளாகத்தில் குவிந்த கழிவு மட்டும் ஒரு லட்சம் டன்னுக்கு மேல்.

இவையெல்லாம் சட்டம் அறியாதவை அல்ல. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தன் மூன்றாவது அட்டவணையில் அறிவிக்கப்பட வேண்டிய நோய்களை வரிசைப்படுத்தியது. குரோமியப் புண், இரசாயனத் தொடர்பால் வரும் தோலழற்சி, தோலும் மயிரும் கையாள்வோரைத் தொற்றும் ஆந்த்ராக்ஸ் எனும் அடைப்பான் ஆகிய மூன்றும் அதில் இருக்கின்றன. நம் பகுதியை நினைத்தே எழுதினார்களோ என்று தோன்றும். அச்சட்டத்தின் 89-ஆவது பிரிவு கடமையை ஆலை மேலாளரோடு நிறுத்திக்கொள்ளவில்லை. தொழிற்சாலையில் வேலை செய்யும் அல்லது முன்பு வேலை செய்த ஒருவருக்குச் சிகிச்சையளிக்கும் எந்த மருத்துவரும், அவருக்கு இந்த நோய்களுள் ஒன்று இருப்பதாக நம்பினால், நோயாளியின் பெயர், முகவரி, நோய், ஆலையின் பெயர் ஆகியவற்றைத் தாமதமின்றித் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுதியனுப்ப வேண்டும். அனுப்பியவருக்கு அச்சட்டத்தில் கட்டணம் இருந்தது. தவறியவருக்கு ஆயிரம் ரூபாய் வரை அபராதமும் இருந்தது. அச்சட்டத்தின் இடத்தில் வந்துள்ள 2020-ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் தன் 12-ஆவது பிரிவில் இதே கடமையை வைத்திருக்கிறது.

இங்கே கவனிக்க வேண்டிய சொல் ‘நம்பினால்’ என்பது. சட்டம் மருத்துவரிடம் முடிந்த முடிவைக் கேட்கவில்லை. நியாயமான ஐயத்தைப் பதிவு செய்யத்தான் சொல்கிறது. விசாரிப்பது அரசின் பொறுப்பு. நான் பேசிப் பார்த்த மருத்துவர்களுள் பலர் காசநோயை, டெங்குவை அறிவிக்க வேண்டும் என்பதை அறிந்திருந்தார்கள். தோலழற்சியையும் அறிவிக்க வேண்டும் என்றபோது வியந்தார்கள்.

எழுதாவிட்டால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்கலாம். இ.எஸ்.ஐ. கணக்கில் பார்ப்போம். மாத ஊதியம் 21,000 ரூபாய்க்கு மேற்படாத தொழிலாளி அதில் உறுப்பினர். சாதாரண நோய் என்று சான்று பெற்றால் பொதுவாக அவருக்குக் கிடைப்பது சராசரி ஊதியத்தில் 70 விழுக்காடு. அதுவும் ஆண்டுக்கு அதிகபட்சம் 91 நாள்களுக்கு. அதே நோய் தொழில்வழி நோய் என ஏற்கப்பட்டால் தற்காலிக இயலாமைப் பயன் 90 விழுக்காடு. இயலாமை நீடிக்கும் வரை அது தொடரும். நிரந்தர இயலாமையாக மாறினால் வாழ்நாள் முழுவதும் தொகை உண்டு. அதே கை, அதே புண்; இரண்டுக்கும் இடையில் நிற்பது ஒரு மருத்துவரின் பேனா. என் மாணவரின் தந்தைக்கு இந்த வேறுபாட்டை விளக்கியபோது அவர் பையைத் திறந்து மீண்டும் ஒருமுறை சீட்டுகளைப் புரட்டிப் பார்த்தார்.

சட்டத்திலும் ஓட்டை உண்டு. குரோமியத்தால் வரும் நோய்கள் இடம்பெறும் பிரிவில், குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்து அந்த வேலையில் இருந்திருந்தால்தான் நோய்க்குத் தொழிலே காரணம் என்ற அனுமானம் தானாகக் கிடைக்கும். ஒப்பந்தக்காரர்கள் மாற மாற ஏட்டில் பெயர் விழுந்தும் அழிந்தும் போகும் தொழிலாளிக்குத் தொடர்ச்சியை மெய்ப்பிக்க ஆவணம் ஏது? மருத்துவரின் பழைய சீட்டில் “இன்ன வேலை, இத்தனை ஆண்டு” என்ற குறிப்பு இருந்தால், அதுவே சில வேளை அவருடைய ஒரே சாட்சி.

பொதுநலக் கோணத்தில் இழப்பு இதனினும் பெரியது. வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு உலகெங்கும் படிக்கப்படுகிறது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற நெறியை இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கிய தீர்ப்பு அது. தோல் மண்டலத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் வேளாண் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போனதாக வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் கண்டறிந்தது அதில் இடம்பெற்றது. திண்டுக்கல் பக்கத்துப் 13 கிராமங்களில் 467 கிணறுகளில் 350 கெட்டுப்போனதும் இடம்பெற்றது. நிலத்துக்கு எண் இருந்தது, கிணற்றுக்கு எண் இருந்தது. தொழிலாளியின் கைக்கும் மூச்சுக்கும் அப்படி ஓர் எண் இல்லை. மண்ணை அளந்தவர் அளவை எழுதி வைத்தார். உடலைப் பார்த்தவர் எழுதி வைக்கவில்லை. இதே பாலாற்று மாசு குறித்து 2025 ஜனவரி 30 அன்று உச்சநீதிமன்றம் மறுபடியும் தீர்ப்பு வழங்கி இழப்பீட்டை வலியுறுத்த நேர்ந்தது. எண்ணப்படாதவருக்கு இழப்பீடு எதன் அடிப்படையில் கணக்கிடப்படும்?

2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்து பத்துப் பேர் மாண்டனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். அந்தச் சாவுகளை நாடறிந்தது. நோயுற்று ரயிலேறி ஊர் திரும்பும் வெளிமாநிலத் தொழிலாளியின் கதை செய்தியாவதில்லை. அவருடன் ஒரு மருத்துவக் குறிப்பும் செல்வதில்லை.

மருத்துவர்கள் தரப்பில் சொல்லப்படும் மறுப்பு ஒன்று உண்மையில் கனமானது. “நான் எழுதினால் அவர் வேலை போய்விடும். அவரே எழுத வேண்டாம் என்று கெஞ்சுகிறார்” என்பார்கள். இது சாக்கு அன்று. புண்ணோடு கிடைக்கும் கூலி, புண் ஆறியபின் கிடைக்காத கூலியைவிட மேல் என்று கணக்கிடும் குடும்பங்களை நான் அறிவேன். 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகளும் நோயாளியின் இரகசியம் காக்கப்பட வேண்டும் என்கின்றன. (2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் கொண்டுவந்த புதிய விதிகள் அதே மாதத்தில் நிறுத்திவைக்கப்பட்டதால் பழையவையே நடப்பில் நீடித்தன.) ஆனால் அதே விதிகள் சட்டம் கோரும்போதும், அறிவிக்கத்தக்க நோய்களிலும் விலக்கு அளிக்கின்றன. மேலும், அறிக்கை செல்ல வேண்டியது தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு. ஆலை மேலாளரின் மேசைக்கு அல்ல. எழுதப் போகிறேன் என்பதை நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லி, அவருக்குள்ள உரிமைகளையும் விளக்குவதுதான் நேர்மை. அவருக்குத் தெரியாமல் எழுதுவதும், அவர் பயத்தைக் காரணம் காட்டி எழுதாமல் விடுவதும் இரண்டுமே அவரை விட்டுவிட்டு எடுக்கும் முடிவுகள். நோய்க் குறிப்பேட்டில் தொழிலைப் பதிவதற்கோ எவருடைய அஞ்சலும் தேவையில்லை.

ஆலையே அமர்த்திய மருத்துவரின் நிலை இதைவிடச் சிக்கல். பொருளாதார அறிஞர் கென்னத் ஆரோ 1963-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் சாரத்தை என் வகுப்புகளில் இப்படிச் சொல்வதுண்டு: வாங்குபவருக்குச் சரக்கின் தரம் தெரியாத சந்தையில் விற்பவரின் சுயநலத்தை நம்ப முடியாது, ஆகவேதான் மருத்துவரிடம் வணிகரிடம் எதிர்பார்க்காத ஒழுக்கத்தைச் சமூகம் எதிர்பார்க்கிறது. ஆலை மருத்துவர் விஷயத்தில் பணம் கொடுப்பவர் ஒருவர், உடலைக் காட்டுபவர் வேறொருவர். போபால் பேரழிவுக்குப் பின் 1987-இல் திருத்தப்பட்ட தொழிற்சாலைகள் சட்டம் தோல் பதனிடுதலை ஆபத்தான செயல்முறைகளின் பட்டியலில் வைத்தது; பணியில் சேரும் முன்பும், பின்னர் பன்னிரண்டு மாதத்துக்கு மிகாத இடைவெளியிலும் பரிசோதனை கட்டாயம்; தன் உடல்நலப் பதிவேட்டைப் பார்க்கத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. ஆண்டுப் பரிசோதனை என்பது வரிசையில் நின்று கையொப்பமிட்டுத் திரும்புவதே என்று பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். பார்க்காமல் ‘தகுதி உள்ளவர்’ என்று எழுதும் சான்று, நடத்தை விதிகளின்படி பொய்ச்சான்று என்னும் குற்றத்தைச் சேர்ந்தது.

பதிவேடு எத்தனை காலம் இருக்க வேண்டும் என்பதிலும் முரண் உண்டு. மருத்துவர் நடத்தை விதிகள் உள்நோயாளி ஆவணத்துக்கு மூன்று ஆண்டு என்கின்றன. கல்நார்த் தொழிலாளர் வழக்கில் உச்சநீதிமன்றம் 1995 ஜனவரியில் விதித்ததோ, வேலையில் சேர்ந்ததிலிருந்து நாற்பது ஆண்டு அல்லது ஓய்வுக்குப் பின் பதினைந்து ஆண்டு, இவற்றில் எது பிந்தியதோ அது வரை. புற்றுநோய் மூன்று ஆண்டில் முகம் காட்டுவதில்லை என்பது நீதிபதிகளுக்குப் புரிந்திருந்தது.

வேலையைப் பார்த்து நோயை அறியும் மரபு இந்த மண்ணுக்கு அந்நியமன்று. 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயாளியின் விரல்களை நோய் நேரடியாகத் தின்பதில்லை என்பதைக் கண்டறிந்தார். உணர்விழந்த விரலை அன்றாட வேலையும் சூடும் காயமுமே சிதைக்கின்றன என்றார். கையைச் சீரமைத்ததோடு நில்லாமல், அந்தக் கை எந்தக் கருவியைப் பிடிக்கப்போகிறது என்பது வரை அவருடைய கவனம் சென்றது.

சட்டத்தின் கண்ணில் படாதவர்களும் இருக்கிறார்கள். ஆம்பூரைச் சுற்றிய ஊர்களில் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து காலணியின் மேற்பாகத்தை ஜோடிக் கணக்கில் கையால் தைக்கும் பெண்கள் ‘தொழிற்சாலையில் வேலை செய்பவர்’ அல்லர். முதுகுவலி, கண்ணெரிச்சல், ஊசி குத்திய விரல் என்று அவர்கள் மருத்துவரிடம் வரும்போது அறிக்கை அனுப்பச் சொல்லும் பிரிவு எதுவும் இல்லை. கேட்பதற்குத் தடையும் இல்லை.

காசநோயை 2012-இல் அறிவிக்கத்தக்க நோயாக்கிய பின்னர், தனியார் மருத்துவர்களுக்கு எளிய இணையவழிப் பதிவும் சிறு ஊக்கத்தொகையும் வந்தன, அறிவிப்புகள் பெருகின. தொழில்வழி நோய்க்கும் அத்தகைய எளிய வழியை இயக்ககம் திறக்கலாம். திருப்பத்தூர், வேலூர், ராணிப்பேட்டை மாவட்டங்களில் தொடங்கலாம். அதற்காக எந்த மருத்துவரும் காத்திருக்கத் தேவையில்லை.

அண்மையில் இப்பகுதியில் சிறு மருத்துவமனை தொடங்கிய இளம் மருத்துவர் ஒருவரிடம், என் நண்பரின் மகள் அவர், இதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தேன். தம் நோயாளி அட்டையில் ‘தொழில்’ என்று ஒரு கட்டமும், ‘முன்பு செய்த தொழில்’ என்று இன்னொரு கட்டமும் அச்சிட்டார். ஒரு மாதம் கழித்துக் கேட்டேன். “பாதிப் பேர் ‘கூலி’ன்னு மட்டும் சொல்றாங்க, மாமா. வரவேற்பில் இருக்கிற பொண்ணும் அப்படியே எழுதிடறா. இப்ப நானே கேட்கிறேன், எந்த இடத்துல, கையில எது படுதுன்னு” என்றார்.